குன்னூரில் முப்பது, கோவையில் எவ்வளவு?

காரமடை ரங்கநாதர் கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்தியதும் முதலில் இறங்கியவன் என் தம்பி மகன். அப்போது அவனுக்கு ஏழு வயது. மலையிறங்கும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தான். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவன் பின்சக்கரத்தில் கையை ஊன்றினான். ஊன்றிய வேகத்தில் இழுத்துக்கொண்டான்.

"அத்தை, டயர் சுடுது."

2022 ஏப்ரல் மாதம். பகல் பன்னிரண்டு மணி. வெயில்தானே என்று நினைத்து நானும் தொட்டுப் பார்த்தேன். இடது பின் டயரில் இரண்டு விநாடிகூடக் கை வைக்க முடியவில்லை. வலது பின் டயரைத் தொட்டேன்; அது சூடாகத்தான் இருந்தது, ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே வெயில். அப்படியானால் இந்தச் சூடு வெயிலால் வந்ததில்லை. அருகில் போனபோது ரப்பர் கருகுகிற வாடையும் லேசாக இருந்தது.

அந்த வண்டியில் அன்று அம்மா, தம்பி மனைவி, இரண்டு குழந்தைகள், நான். டிக்கி நிறைய பைகள். குன்னூரிலிருந்து பர்லியார், கல்லாறு வழியாக அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த டயரை நம்பித்தான் இறங்கியிருக்கிறேன். வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அலைகிற மாதிரி இருந்தது. ஆள் அதிகம், பாரம் அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு ஓட்டிவிட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டியதும் சமதளம் வந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டியும் இருக்கிறேன். இதை எழுதும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது.

பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். மற்ற மூன்றிலும் 27 பி.எஸ்.ஐ. (காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு). அந்த ஒன்றில் 18. "ஆறினா இன்னும் குறையுங்க" என்றார். டயரைக் கழற்றி, ரிம்மிலிருந்து பிரித்து, உள்பக்கத்தைக் காட்டினார். உள்ளே கருப்பாகப் பொடி, பென்சில் சீவிய தூள் மாதிரி. விரலால் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். "இது டயரோட உடம்புங்க. காத்து இல்லாம ஓட்டினா பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே அரைஞ்சுடும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. இதைத் திரும்ப மாட்டித் தரமாட்டேன், எவ்வளவு கொடுத்தாலும்."

டயரில் ஆணி எதுவும் இல்லை. வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசி வழியாகக் காற்று மெல்லக் கசிந்திருக்கிறது. சில பத்து ரூபாய்ச் சாமான். அதனால் ஒரு டயரே போயிற்று. அந்த இடத்தில் நிற்காமல் இன்னொரு முப்பது கிலோமீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பாயில் விதி, சார்லஸ் விதி எல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து, அந்த 27 எப்படி வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். கசிந்த ஒரு டயரை விடுங்கள், கசியாத மற்ற மூன்றும் ஏன் குறைந்தன என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

காரணம் பிப்ரவரியில் இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, கோவையிலிருந்து பிற்பகலில் திரும்பிக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு, காற்றும் பார்க்கச் சொன்னேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த டயர், உச்சி வெயில். மீட்டர் 34 காட்டியது. பையன் கேட்டான், "எவ்வளவு வைக்கட்டும் மேடம்?" நான் சொன்னேன், "முப்பது." அவன் நாலு சக்கரத்திலும் புஸ் புஸ் என்று காற்றை இறக்கி முப்பதில் நிறுத்தினான். நான் கேட்டதைத்தான் செய்தான். தவறு என் கேள்வியில்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முப்பது என்று போட்டிருப்பது ஆறிய டயருக்கு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அந்த நிலையில் முப்பது. ஓடிச் சூடான டயரில் நாலு பி.எஸ்.ஐ. கூடுவது இயல்பு, வண்டி செய்தவர்களுக்கு அது தெரியும், அதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். சூட்டால் கூடியதை நான் "அதிகம்" என்று நினைத்து எடுத்துவிட்டேன். மறுநாள் காலை குன்னூர்க் குளிரில் அந்த டயர்களில் 26, 27-தான் இருந்திருக்கும். பிறகு மார்ச் முழுவதும் பொதுத்தேர்வு வேலை. டயரை நினைத்தே பார்க்கவில்லை. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. தானாகக் குறையும். ஏப்ரலில் 24. அந்த 24 மலையிறங்கி, சூடாகி, காரமடையில் 27 என்று காட்டியது. பஞ்சர் கடைக்காரரே அந்த மூன்றையும் பார்த்துப் "பரவால்லீங்க" என்றுதான் சொன்னார்.

காற்று தானாக எப்படிக் குறையும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிறந்தநாள் பலூன் மறுநாள் காலை சுருங்கிக் கிடக்கிறதே, யாராவது ஊசி குத்தினார்களா? ரப்பருக்குள் காற்று மெல்ல ஊடுருவும். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு செய்தி சொல்வேன், அவர்களுக்குப் பிடிக்கும்: எம்.ஆர்.எஃப். என்கிற டயர் நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது. டியூப்லெஸ் டயரின் உள்பக்கத்தில் பியூட்டைல் வகை ரப்பரை ஒரு படலமாக வைக்கிறார்கள். அதன் வழியாகக் காற்று மிக மெதுவாகத்தான் போகும். மெதுவாகத்தானே ஒழிய, போகவே போகாது என்றில்லை.

"வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க, இல்லேன்னா வெடிச்சுடும்" என்று யாரிடமாவது கேட்காத கார்க்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. எனக்கு என் மாமா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், டாக்ஸி ஓட்டுகிற ஒருவரும் சொன்னார். அன்போடு சொல்கிறார்கள். ஆனால் இது முற்றிலும் தலைகீழான யோசனை. இதை நம்பி யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, சட்டென்று இழுத்து, மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் பத்து இருபது தடவை செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ரப்பரை வளைக்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்ப வருவதில்லை. ஒரு பகுதி சூடாக அதற்குள்ளேயே தங்கிவிடும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, பக்கச்சுவர் பிதுங்கி, மறுபடி நிமிர்கிறது. என் வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகிறது. குன்னூரிலிருந்து கோவை எழுபது கிலோமீட்டர். அதாவது டயரின் ஒவ்வொரு பகுதியும் அந்தப் பயணத்தில் சுமார் 39,000 தடவை மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் ஒவ்வொரு மடங்கலும் ஆழமாகிறது. வெளி வெயில் டயருக்குள் ஏற்றுகிற சூட்டைவிட, இந்த மடங்கல் உள்ளிருந்து கிளப்புகிற சூடுதான் டயரைக் கொல்கிறது. நெடுஞ்சாலையில் வெடிக்கிற டயர் பெரும்பாலும் காற்று கூடி வெடிப்பதில்லை. குறைந்து, வெந்து, பக்கச்சுவர் கிழிந்து போகிறது.

வண்டியும் ஆட்களும் சேர்ந்து ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. முப்பது பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. வகுத்தால் 119 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டையின் அளவு 14-க்கு 9, அதாவது 126. ஆக, ஒரு அஞ்சலட்டை அளவு ரப்பர்தான் ஒவ்வொரு சக்கரத்திலும் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரின் விறைப்பையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் அளவு இதுதான். காற்று இருபதாக இறங்கினால் அது 180 பக்கம் விரிகிறது. பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும்தானே என்று ஒரு மாணவி கேட்டாள், நல்ல கேள்வி. கூடுவது டயரின் இரண்டு ஓரங்களில். நடுப்பகுதி தரையில் சரியாக அழுந்துவதில்லை. மழையில் நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொட வேண்டிய அழுத்தம் அங்கே இருக்காது. ஓரம் இரண்டும் தேய்ந்து நடு மட்டும் புதிதாக இருக்கிற டயரைப் பார்த்தால், அது பல மாதம் பட்டினியாக ஓடியது என்று தெரிந்துகொள்ளலாம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அளவுக்கு மீறிக் காற்று அடித்து ஓட்டியது.

சரி, இப்போது மலைக்கு வருகிறேன். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதும் உண்டு: மலையேறினால் டயரில் காற்று கூடுமா, குறையுமா? குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் கூடும் என்பார்கள், பாதிப் பேர் குறையும் என்பார்கள். இரண்டு பேரும் சரி என்பது அளந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

கேஜ், அதாவது காற்று அளக்கும் மீட்டர், காட்டுவது டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல. உள்ளே இருப்பதற்கும் வெளியே நம்மைச் சுற்றி இருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. கோவை 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 14. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இங்கே 12-க்கும் கொஞ்சம் குறைவு. எனவே குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கினால், டயருக்குள் எதுவும் மாறாமலேயே கேஜ் இரண்டு பி.எஸ்.ஐ. சொச்சம் குறைத்துக் காட்டும். அதே சமயம் கோவை சூடு. பத்து டிகிரி கூடினால் டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, மீதி அரை பி.எஸ்.ஐ.க்குப் பக்கம்தான். மலையேறும்போது இதுவே தலைகீழ்: உயரம் கூட்டிக் காட்டும், குளிர் குறைக்கும்.

இதை நான் தாளில் போட்டுப் பார்த்ததோடு விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். 2023 ஜனவரி, குன்னூர், காலை 9 டிகிரி: நாலு சக்கரமும் 30. மறுநாள் காலை கோவையில் தம்பி வீட்டு வாசலில், 20 டிகிரி: 29.5, 29.5, 29.5, 29. ஏப்ரல், குன்னூர் 16 டிகிரி: 30. கோவை 26 டிகிரி: 29.5, 29, 29.5, 29.5. முதல் தடவை அந்த எண்களைப் பார்த்தபோது, வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லிவந்த ஒன்று என் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. தம்பி மனைவி காபியோடு வந்து "என்ன அண்ணி, டயரைப் பார்த்துச் சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். விளக்கினேன். அதற்கப்புறம் அவளும் அவர்கள் வண்டியின் டயரை அவளேதான் அளக்கிறாள்.

ஆகவே மலையில் இருப்பவர்கள் கீழே போகும்போதும், கீழே இருப்பவர்கள் ஊட்டிக்கு வரும்போதும் இதற்காகத் தனியாகக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். புறப்படும் ஊரில், காலையில், ஆறிய டயரில், ஸ்டிக்கரில் உள்ள அளவை வைத்துக்கொண்டு கிளம்பினால் போதும். செய்யவே கூடாத காரியம் ஒன்றுதான்: வழியில் நிறுத்தி, சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது. மலையிறங்கி வந்த உடனே அளந்தால் பிரேக் சூடும் சேர்ந்துகொண்டு இன்னும் கூட்டிக் காட்டும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதைக்காரர்கள் சொல்வது பிரேக்குக்காக. அதில் டயருக்கும் நன்மை இருக்கிறது.

அடுத்தது கேஜ். யாருடைய மீட்டரை நம்புவது? எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு: நம் மீட்டரை. பங்க்கில் தொங்குகிற மீட்டர் நாள் முழுக்கத் தரையில் விழுகிறது, வெயிலில் காய்கிறது. குன்னூரிலிருந்து கோவை வரை உள்ள பங்க்குகளில் ஒரே நாளில் மூன்று இடத்தில் அளந்து பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று நாலு பி.எஸ்.ஐ. வரை வித்தியாசம் இருந்தது. சில நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல டிஜிட்டல் கேஜ் கிடைக்கிறது. நான் முதலில் பேனா மாதிரி இருக்கும் ஒன்றை வாங்கினேன், அப்புறம் டிஜிட்டல். இரண்டும் அரை பி.எஸ்.ஐ.க்குள் ஒத்துப்போகின்றன. அதுவே மிகச்சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கேஜ், ஒரே வாசல், ஒரே நேரம் என்றால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் பொய் சொல்லாது. நாலில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. போன வருடம் முன் வலது டயர் இரண்டு வாரத்தில் மூன்று இறங்கியது, மற்றவை அரைதான். சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தேன். வால்வில் ஒன்றும் இல்லை, டயர் நடுவில் ஒரு பள்ளத்தில் சின்னச் சின்னக் குமிழ். உள்ளே ஒரு திருகாணி. வெளியே அதன் தலை தேய்ந்துபோய்க் கண்ணுக்கே தெரியவில்லை. 27-லேயே பிடித்துவிட்டதால் டயருக்குச் சேதமில்லை.

கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ தெரிந்துகொள்ள முடியாது. இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் வகை டயர் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். முப்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் பார்வையில் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவரை நான் சந்தித்ததில்லை. லாரிக் கிளீனர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஓசையில் கண்டுபிடிப்பார்கள். பல வருடப் பழக்கம், அந்தக் காதுக்கு என் வணக்கம். கார் டயருக்கு அது உதவாது.

பலர் கேட்பது: வீட்டில் காற்றடிக்கும் மெஷின் இல்லை, பங்க்குக்குப் போவதற்குள் டயர் சூடாகிவிடுமே, என்ன செய்வது? நான் செய்வது இதுதான். காலையில் வீட்டு வாசலில் அளக்கிறேன். ஒரு டயரில் 27 இருக்கிறது, எனக்கு வேண்டியது 30. அப்படியானால் மூன்று கூட்ட வேண்டும் என்று குறித்துக்கொள்கிறேன். பங்க்குக்குப் போய் அவர்கள் மீட்டரில் அதே டயர் இப்போது என்ன காட்டுகிறது என்று கேட்கிறேன். 31 என்றால் 34 வைக்கச் சொல்கிறேன். டயர் எவ்வளவு சூடு, அந்த மீட்டர் எவ்வளவு பொய் என்ற இரண்டு கவலையும் இதில் இல்லை. எண்ணைப் பார்க்காதீர்கள், எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள். முதலில் பங்க்கில் முறைத்துப் பார்த்தார்கள், இப்போது என்னைப் பார்த்ததும் "எவ்வளவு கூட்டணும் டீச்சர்?" என்றே கேட்கிறார்கள். காற்று அங்கே இலவசமாகத் தர வேண்டிய வசதி. கேட்கத் தயங்க வேண்டாம். நின்று அடித்துக் கொடுப்பவருக்கு ஏதாவது கொடுப்பது நம் மனம்.

கம்ப்ரஸர் வாங்குவதானால் வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்னது போதும். தம்பி வாங்கிக் கொடுத்தான். இரைச்சல் அதிகம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்கம்பக்கம் எழுந்துவிடும். அதனால் அளப்பது ஆறரைக்கு, அடிப்பது எட்டு மணிக்கு என்று வைத்திருக்கிறேன்.

நைட்ரஜன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அளக்காமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகக் கூடாது.

டயரின் பக்கச்சுவரில் 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. என்று பொறித்திருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. நாம் வைக்க வேண்டிய அளவு அல்ல. நம் அளவு கதவுத் தூணில்தான் இருக்கிறது. அங்கேயும் இரண்டு வரி இருக்கலாம். என் வண்டியில் இரண்டு மூன்று பேருக்கு எல்லாச் சக்கரமும் 30; ஐந்து பேரும் சாமானும் என்றால் பின் சக்கரங்களுக்கு 36. அந்த இரண்டாவது வரியை நான் வண்டி வாங்கி நாலு வருடம் படித்ததே இல்லை. அன்று ஐந்து பேரோடு 36 இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். தம்பி வண்டியில் 220 என்று போட்டிருக்கிறது. அது கிலோபாஸ்கல், பி.எஸ்.ஐ.யில் 32.

தம்பி வண்டி புதிது, டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். "உனக்கு மட்டும்தான் அக்கா இந்த வேலை" என்பான். அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் இந்த வசதி கட்டாயம். ஆனால் அந்த விதி கேட்பது, குறிப்பிட்ட அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். 32-ல் 25 சதவீதம் குறைந்தால் 24. அதுவரை இறங்கக் காத்திருந்தால், காரமடைக்குப் பக்கத்தில் வந்தாயிற்று என்று அர்த்தம். சில வண்டிகளில் டயருக்குள் சென்ஸாரே இருக்காது, ஏ.பி.எஸ். பிரேக்கின் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) சென்ஸாரை வைத்து, எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்குப் போடும். நாலும் ஒன்றுபோலக் குறைந்தால் அந்த முறைக்குக் கண்டுபிடிப்பது கஷ்டம். விளக்கு இருக்கட்டும், நல்லதுதான். மாதம் ஒரு தடவை கேஜும் இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஆரம்ப காலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904-ல் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அவர்கள் கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, சக்கரம் இந்தியாவுக்கு வந்து, இன்றைக்கு நம் பஞ்சர் கடை வரை அதே பெயர். காரமடையில் என் ஸ்டெப்னியை எடுத்தபோது அதில் 11 பி.எஸ்.ஐ.தான் இருந்தது. பஞ்சர் கடை வாசலிலேயே நின்றதால் காற்றடித்து மாட்டிக்கொண்டேன். பர்லியார் வளைவில் நின்றிருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்போது அதில் எப்போதும் இரண்டு மூன்று அதிகமாகவே வைக்கிறேன். குறைக்க வேண்டுமானால் எங்கேயும் குறைத்துக்கொள்ளலாம், கூட்டத்தான் வழியில் வழி இருக்காது. சில புது வண்டிகளில் வரும் ஒல்லியான ஸ்டெப்னிக்கு 60 பி.எஸ்.ஐ. வரை தேவைப்படும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதன் மேலேயே எழுதியிருக்கும்.

டயரின் வயதையும் அதோடு பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் DOT எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நாலு இலக்கம். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது. தேயாமல் டிக்கிக்குள்ளேயே கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

குன்னூரில் நான் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடைக்காரர் என் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, போன மாதம் ஒரு நாள் "உங்க மீட்டரைக் கொஞ்சம் கொண்டாங்க டீச்சர், நம்மளுதோட வெச்சுப் பார்ப்போம்" என்றார். கடை வாசலில் நின்ற ஒரு ஆறிய வண்டியில் மூன்று கேஜையும் மாற்றி மாற்றி வைத்தோம். என்னுடைய இரண்டும் 29, 29.5. அவருடையது 32. வேறு இரண்டு வண்டியிலும் அதே மூன்று வித்தியாசம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எத்தனை வருடமாக இப்படிக் காட்டுகிறதோ, எத்தனை வண்டி குறைந்த காற்றோடு மலையிறங்கியதோ என்று முணுமுணுத்தார். புது மீட்டருக்குச் சொல்லியனுப்பினார். அது வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல், உள்ளே போய் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, பழைய மீட்டரின் கண்ணாடியில் 33-க்கு நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 30 என்று எழுதினார். பெயிண்ட் காயும்வரை வாசலில் காத்திருந்த ஜீப்காரரைக் கூப்பிடவில்லை.